மறு: டில்ட் – சாய்வா, உலுப்பலா?

கொக்குவில்:
வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. அதில் 'டில்ட்' (tilt, சாய்தல்) என்ற சொல் மட்டும் இன்னும் தமிழாகவில்லை. மின்சுற்று வகுப்புக்காக காசு போட்டு உலோகப் பந்தை அடித்து விளையாடும் ஒரு பழைய பின்பால் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறோம். உள்ளே கம்பியில் ஒரு குண்டு தொங்குகிறது, அதைச் சுற்றி உலோக வளையம். பெட்டியை ஆட்டினால் குண்டு வளையத்தில் முட்டும், ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் இழுக்கும், விளையாட்டுப் போச்சு. திருகைத் தளர்த்தி, குண்டைக் கம்பியில் ஏற்றி இறக்கி இடைவெளியைச் சரிசெய்யலாம். சுவிட்சுக்கு நாங்கள் சொல்லும் 'ஆளி'யைச் சேர்த்து 'சாய்வாளி' என்று எழுதட்டா?

பருத்தித்துறை:
தம்பி, குண்டு பார்ப்பது பெட்டியின் அசைவை, சாய்வை அல்ல. சாய்வைப் பிடிப்பது பக்கத்துச் சரிவுப் பாதையில் கிடக்கும் உருண்டை. பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் பின்னுக்கு உருண்டு தொடுகையை மூடும். டில்ட் என்ற ஏற்பாட்டையே அமெரிக்காவில் ஹாரி வில்லியம்ஸ்தான் 1930களில் கொண்டுவந்தார். ஆங்கிலப் பெயர் சாய்கிறது என்று நாமும் சாயத் தேவையில்லை. குண்டுக்கு 'ஊசலாளி'. சிலம்பில் ஊசல்வரி, திருவாசகத்தில் பொன்னூசல், எங்கள் கோயில்களில் திருவூஞ்சல். ஆளி என்பதும் 'ஆள்' வேர்; மின்னை ஆள்வது. கோயில் தூணில் நிற்கும் யாளிக்கும் அதே வேர்தான் என்பது என் கட்சி. அதை விரித்துத் தனியே எழுதுகிறேன்.

வட்டுக்கோட்டை:
எழுத வேண்டாம் மாஸ்டர். கடனாளி, நோயாளி, ஊசலாளி: ஊஞ்சலில் இருக்கும் ஆள்தான் கண்ணுக்குள் வருகிறார். மாமரம் உலுப்பாத பிள்ளை இங்கே உண்டா? 'உலுப்பல் ஆளி', பிரித்தே எழுதுங்கள்.

சென்னை:
எங்களுக்கு ஆளி என்றால் ஆளிவிதைதான். உலுப்பும் இல்லை, உலுக்கு. பேசாமல் 'டில்ட் சுவிட்ச்' என்று போடுங்களேன்.

பருத்தித்துறை:
உலுப்புவது விளையாடுகிறவன். காவற்காரனுக்குக் கள்ளனின் பெயரா?

கொக்குவில்:
இன்று காலை ஒரு மாணவன் இடைவெளியை மயிரிழையாக்கிவிட்டான். பெட்டியின் காசுக் கதவைச் சாத்தியதற்கே டில்ட் விளக்கு எரிந்தது. இன்னொருவன் நீர்மட்டக் கருவி வைத்துப் பெட்டியின் கால்களைச் சமப்படுத்தாமலே குண்டைத் திருகினான். குண்டு வளையத்தில் சாய்ந்தே கிடந்தது. 'உலுப்பல் ஆளியைப் பார்' என்றேன், இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. அதனால் குண்டுக்கு உலுப்பல் ஆளி, உருண்டைக்குச் சாய்வு ஆளி. மாஸ்டரின் ஊசல் அடிக்குறிப்பில் வரும்.

பருத்தித்துறை:
அடிக்குறிப்பில் 'ஊசலாளி' என்று சேர்த்தே போடவும். யாளிக் கட்டுரை நாளை வரும்.