வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்: ‘கேபிள் மேனேஜ்மென்ட்’

திங்கள், காலை 9.40 / தாம்பரத்திலிருந்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வெள்ளி மாலைக்குள் ஒரு மேசையின் கையேட்டைத் தமிழில் முடித்துக் கொடுக்கவேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மேசை, 24 பக்கம். திருகாணி, தாங்கி, விசை எல்லாம் தடையில்லாமல் ஓடின. ஒன்பதாம் பக்கத்தில் ‘கேபிள் மேனேஜ்மென்ட்’ என்று தலைப்பு வந்தது. அங்கே நின்றவள் இரண்டு நாளாக நகரவில்லை.

கேபிளுக்கு ‘வடம்’ என்று வைத்துக்கொண்டு, முதலில் ‘வட மேலாண்மை’ என்று போட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “வடக்கே எந்த ஊரும்மா?” என்று கேட்டார்கள். அழித்துவிட்டேன்.

என் மேசையை வைத்தே விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டு திரைகளுக்கு நான்கு ஒயர். மடிக்கணினி சார்ஜர், ரவுட்டர் கரண்டு, நெட் ஒயர், விளக்கு, போன் சார்ஜர், ஸ்பீக்கர், கடைசியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர். மொத்தம் பதினொன்று. போன மாதம் பெருக்கும்போது துடைப்பம் மாட்டி இழுத்ததில் ரவுட்டர் கீழே விழுந்து ஒரு மூலை உடைந்தது. கையேடு சொல்வது இந்தப் பதினொன்றையும் கட்டுக்குள் கொண்டுவரும் வேலையை. மேசைக்கு அடியில் திருகுகிற கம்பித்தட்டு, ஒயர்களைச் சேர்த்து நுழைக்கிற துணிக்குழாய், சுவரோரம் ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டி, விளிம்பில் கிளிப், பலகையில் ஒரு துளை. சேர்ப்பதும் இருக்கிறது, மறைப்பதும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

திங்கள், பிற்பகல் 1.15 / திருச்சியிலிருந்து

அன்புள்ள தங்கைக்கு,

உன் தாயார் கேட்டது இலக்கணக் கேள்வி. ‘வடம்’ மகர ஈற்றுப் பெயர். நிலைமொழியாக, அதாவது சேரும் இரண்டு சொல்லில் முதலாவதாக நின்றால் ஈறு கெட்டு ‘வட’ ஆகும், மரவேர், குளக்கரை என்பவற்றைப் போல. ‘வடக்கு’ம் புணர்ச்சியில் ‘வட’ என்றே நிற்கும்: வடமலை, வடமொழி. இரண்டு சொல்லும் ஒரே உருவத்தில் வந்து நிற்கும்போது, பழகிய பொருளுக்குத்தான் காது போகும். வடவொழுங்கு, வடச்சீர், வடக்கட்டு எதைச் சொன்னாலும் இதே கதிதான். சுவரோரப் பட்டிக்கு, வாய்க்காலைப் போல ‘வடக்கால்’ என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். எங்கள் ஊரில் ‘கோயிலுக்கு வடக்கால’ என்றால் வடபுறம்.

ஆனால் வடத்தைக் கைவிடக்கூடாது. தேர்வடம், முத்துவடம், தண்டுவடம் என்று எத்தனை வழக்கில் இருக்கிறது! மண்ணுக்கடியில் மின்சாரம் கொண்டுபோவதைப் பத்திரிகைகள் ‘புதைவடம்’ என்று எழுதுகின்றன, யாரும் குழம்புவதில்லை. காரணம், எல்லாவற்றிலும் வடம் வருமொழியாக, இரண்டாவதாக நிற்கிறது. அங்கே அது ‘வட’ என்று குறுகாது. புதைவடம் அழகான வினைத்தொகை. அதே அச்சில் தொகுவடம், மறைவடம் என்று வார்க்கலாம். தொகுத்த, தொகுக்கின்ற, தொகுக்கும் வடம். முக்காலமும் உள்ளே இருக்கிறது.

திங்கள், இரவு 8.50 / கோவையிலிருந்து

> தொகுவடம், மறைவடம் என்று வார்க்கலாம்

ஐயா, வணக்கம். இலக்கணத்தில் உங்களிடம் நான் வாய் திறக்கமாட்டேன். முப்பது வருசமா ஒயரிங் வேலை, இப்ப ஐ.டி.ஐ. பசங்களுக்குச் சொல்லித் தர்றேன். ‘தம்பி, அந்தத் தொகுவடத்தை எடு’ன்னா பையன் என் முகத்தைத்தான் பார்ப்பான். ஒயர், கேபிள், பட்டி, பைப்பு, கிளிப்பு. இதுல ஒரு சொல்லும் அவனுக்கு வேத்துமொழி இல்ல. அரசாங்கமே ‘அரசு கேபிள் டிவி நிறுவனம்’னுதான் பேர் வச்சிருக்கு.

அம்மணி, பேரு எதுவா இருந்தாலும் கையேட்டுல விசயம் தப்பாயிடக் கூடாது. கரண்டு ஒயர் மிச்சம் இருக்குன்னு இறுக்கிச் சுருட்டிக் கட்டவேண்டாம்னு எழுதுங்க. லோடு கூடினா அந்தச் சுருள் சூடாகும். நெட் ஒயரைக் கரண்டு ஒயரோட ஒரே கட்டா நெடுகக் கொண்டுபோக வேண்டாம். கேட்-6ங்கிற நெட் ஒயரைச் சுவர் மூலையில முறிச்சு மடக்கக் கூடாது. தடிமனைப் போல நாலு மடங்காவது வளைவு ஆரம் வேணும். 6 மில்லி ஒயர்னா 24 மில்லி. அப்புறம் இது ஏறி இறங்குற மேசை. மேசை முழுசா மேல போனாலும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடச் சொல்லுங்க. இல்லேன்னா முத நாளே பிளக்கு புடுங்கிக்கும்.

அந்தக் காலத்து வீட்டுல ஒயரிங் பார்த்திருப்பீங்க. சுவத்துல தேக்குச் சட்டம் அடிச்சு, அதுமேல ஒயரை ஓட்டி, சின்னச் சின்னத் தகட்டுக் கிளிப்பை மடக்கிவிடுவோம். ஒயர் வெளிய தெரியும், ஆனா கோடு போட்ட மாதிரி இருக்கும். மறைக்கிறது வேற, ஒழுங்கா ஓட்டுறது வேற. ரெண்டையும் ஒரே சொல்லுல போட்டுக் கட்டணுமான்னு யோசிங்க.

செவ்வாய், காலை 6.30 / யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். கோவை அண்ணையின்ர மடலோட எனக்குப் பாதி உடன்பாடு, பாதி இல்லை. நாங்கள் ஆளி, மின்குமிழ் எண்டு பள்ளிக்கூடப் புத்தகத்தில படிச்சு வளர்ந்தனாங்கள். வீட்டில அம்மா ‘சுவிச்சைப் போடு’ எண்டுதான் சொல்லுவா. ஆனா பரீட்சையில ஆளி எண்டு எழுதின கைக்கு அந்தச் சொல் இண்டைக்கும் அந்நியமில்லை. பட்டறையில புழங்காத சொல் செத்த சொல் எண்டு முடிவுகட்ட ஏலாது. புத்தகமும் ஒரு புழங்கிடம்தானே.

மேசை விளிம்பில வயர் போய் இருக்கிறதுக்கு வெட்டுற பள்ளத்துக்கு ஒரு சொல் தாறன்: குதை. வில்லின்ர முனையில நாணைக் கொளுவ வெட்டியிருக்கிற வெட்டுத்தான் குதை. வடம் எண்டதுக்கு வில்நாண் எண்டும் ஒரு பொருள் அகராதியில கிடக்கு. வடம் குதையில இருக்கிறது எண்டால் ரெண்டு சொல்லும் பழைய சொந்தக்காரர்.

செவ்வாய், காலை 11.20 / மதுரையிலிருந்து

நண்பர்களே,

குதை படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வடத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். சிக்கலாகக் கிடக்கும் நீண்ட இழைகளை வாரி, பிரித்து, சேர்த்து, முடிவது நம்மவர்களுக்குப் புதிய வேலையா? கூந்தலுக்கு அதைத்தானே செய்கிறோம். பெண்களின் கூந்தலை ‘ஐம்பால்’ என்றார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகை ஒப்பனை. இப்போது மேசைக்கு அடியில் பாருங்கள். மிச்ச ஒயரை வளையமாக்கினால் சுருள். உறைக்குள் நுழைத்தால் குழல். கட்டினால் முடி. ஐந்தில் மூன்று ஏற்கெனவே அங்கே இருக்கின்றன!

இன்னொன்று. ஒயர்களைச் சேர்த்து இறுக்குகிற பிளாஸ்டிக் கட்டு 1958இல்தான் வந்தது. தாமஸ் அண்டு பெட்ஸ் நிறுவனத்தின் மாரஸ் லோகன், விமானத்துக்குள் ஒயர் கட்டுகிறவர்களின் சிரமத்தைப் பார்த்துச் செய்தார். அதற்கு முன் மெழுகு பூசிய நூலால், இத்தனை விரற்கடைக்கு ஒரு முடிச்சு என்று கட்டினார்கள். விண்கலங்களில் இன்றும் நூல்கட்டு உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தால் புதுமண்டபத்துப் பக்கம் பூக்காரம்மா வாழைநாரால் மல்லிகையைத் தொடுப்பது மாதிரியே இருக்கும். ஆகவே என் பரிந்துரை: ‘தொடுப்பு’. ஒயர்த் தொடுப்பு.

செவ்வாய், பகல் 12.05 / திருச்சியிலிருந்து

மதுரை நண்பரின் ஐம்பால் விளக்கத்தை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். ஆனால் ‘தொடுப்பு’ வேண்டாம். ஊரில் ஒருவருக்குத் தொடுப்பு இருக்கிறது என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வரும் கையேட்டில் அந்தச் சொல் வரக்கூடாது.

செவ்வாய், இரவு 10.10 / தாம்பரத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். தொய்வு, சூடு, வளைவு ஆரம் மூன்றையும் சேர்த்துவிட்டேன், கோவை அண்ணா.

> தொகுவடம், மறைவடம்

ஐயா, இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் அவை பொருளின் பெயர். எனக்கு வேண்டியது வேலையின் பெயர். ஒன்பதாம் பக்கத்தில் வடம் என்ன வகை என்று சொல்லவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறார்கள்.

இன்று சாயங்காலம் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கம்பித்தட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தட்டில் ஏற்றி, பதினொரு ஒயரையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன். தரை முழுக்கத் தெரிந்தது. சுவரோரம் இரண்டு வருடத்துத் தூசி நூல்கண்டு மாதிரி உருண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று சொன்னார்கள்: “இத்தன நாளா இப்படி ஒதுங்க வைக்காமப் போட்டு வச்சிருந்தியே.”

ஒதுங்க வைப்பது. எங்கள் வீட்டில் பாத்திரத்தை ஒதுங்க வைப்போம், வீட்டை ஒதுங்க வைப்போம், நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்குவோம். எடுத்து ஓரமாக வைப்பதும் அதில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் செய்வதும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது. மேலாண்மை என்ற சொல் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல் தரையில் குனிந்து வேலை செய்கிறது. ‘வடம் ஒதுக்கல்’ என்றோ ‘ஒயர் ஒதுக்கம்’ என்றோ போடலாமா?

இன்னொரு கேள்வி. அந்தக் கம்பித்தட்டு மேசைக்கு அடியில் தொங்குகிறது. அதை ‘உறி’ என்றால் தப்பா?

புதன், காலை 7.00 / கோவையிலிருந்து

உறி! இதுக்கு மேல யோசிக்காதீங்க. பசங்ககிட்ட நேத்து ராத்திரியே போன்ல கேட்டேன். ‘ஒயர் உறி’ன்னா என்னடான்னா, ‘தொங்கவிட்டு ஒயர் வைக்கிறதுங்களா சார்’னு ஒருத்தன் சொன்னான். பாட்டி வீட்டுல மோர்ப்பானை உறியில தொங்கினதைப் பார்த்தவனாம்.

ஒதுக்கல் மட்டும் எனக்கு இடிக்குது. ஒதுக்கீடு, ஒதுக்கி வைக்கிறது, ஊரை விட்டு ஒதுக்கறது. அந்தச் சொல்லுல பல பேருக்கு வலி இருக்கு அம்மணி. எங்க அப்பாவுக்கு இருந்துச்சு.

புதன், காலை 7.25 / யாழ்ப்பாணத்திலிருந்து

உறிக்கு என்ர முழுச் சம்மதம். இங்கையும் உறிதான்.

புதன், மாலை 4.30 / திருச்சியிலிருந்து

உறியை நானும் ஏற்கிறேன்.

ஒதுக்கல் பற்றி: இலக்கணத்தில் தடையில்லை. ‘வடம் ஒதுக்கல்’ என்பதில் வடத்தை என்னும் இரண்டாம் வேற்றுமை மறைந்திருக்கிறது. தேர்த் திருவிழாவில் ‘வடம் பிடித்தல்’ என்றுதான் சொல்கிறோம், வடப்பிடித்தல் என்று யாரும் சொல்வதில்லை. வினை அடுத்து வரும்போது வடம் முழுதாக நிற்கிறது, வடக்கே போகவில்லை. தங்கை தன்னை அறியாமல் நான் சொன்ன சிக்கலை அவிழ்த்துவிட்டாள்.

ஆயினும் கோவை நண்பர் சொன்ன வலியை இலக்கணத்தால் ஆற்ற முடியாது. ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது, அதைக் கேட்டு யார் தலைகுனிந்தார்கள் என்பதும் பொருள்தான்.

வியாழன், இரவு 9.00 / மட்டுறுத்துநர்

இழை எழுபது மடலைத் தாண்டிவிட்டது. வடம் தமிழா வடசொல்லா என்ற விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். கைதூக்கியவர்கள்: ‘வடங்களை ஒழுங்கமைத்தல்’ ஆறு பேர். ‘வடம் ஒதுக்கல்’ நால்வர். ‘கேபிள் மேனேஜ்மென்ட்’ அப்படியே இருக்கட்டும் என்பவர் மூவர். ‘தொகுவடம்’ ஒருவர்.

வெள்ளி, மாலை 4.50 / தாம்பரத்திலிருந்து

அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘வடங்களை ஒழுங்கமைத்தல்’. உருபை விரித்துப் பன்மையில் சொன்னதும் அம்மாவுக்கு வடக்கு நினைவு வரவில்லை, இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். உள்ளே உறி, குதை, உறை, தொய்வு வைத்திருக்கிறேன். துளைக்கு ‘மேசைக் கண்’. ஒதுக்கலைத் தலைப்பில் வைக்கவில்லை, கோவை அண்ணா. ஆனால் மூன்றாம் படியில் ‘ஒயர்களை உறிக்குள் ஒதுங்க வையுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு இடத்தில் வேறு எந்தச் சொல்லும் உட்காரவில்லை.

வெள்ளி, மாலை 5.40 / திருச்சியிலிருந்து

வாழ்த்துகள். ஆனால் உருபை விரித்து எழுதினால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. நாளை இதையே ஒரு அகராதியின் தலைச்சொல்லாக ஏற்றவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? தொகுவடத்தை நான் விடவில்லை.

வெள்ளி, இரவு 9.15 / கோவையிலிருந்து

ஒதுங்க வையுங்கள்னு எழுதினா எனக்கு இடிக்கல அம்மணி. சொன்ன விதத்துல வித்தியாசம் இருக்கு. பல்லு வச்ச அந்த நைலான் கட்டுக்கு என்ன போட்டீங்கன்னு சொல்லவே இல்லையே? திங்கக்கிழமை கிளாஸ் இருக்கு.