நெட்டில் சொன்ன நாளில் நிழல் மறையவில்லை

வகுப்பறையில் இணையத்தை வைத்துப் பாடம் நடத்திய அனுபவம் என்றதும் எனக்கு ஞாபகத்துக்கு வருவது ஒரு மீட்டர் பிவிசி குழாயும், அதன் காலடியில் விழுந்து கிடந்த சின்ன நிழலும்தான். அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் 1993-இல் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2024-இல் ஓய்வு பெற்றேன். நான் இன்டர்நெட்டை முதலில் பார்த்தது 2001 வாக்கில், பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில். தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அந்தப் பக்கத்துக்கு என்று தனியாக ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும், அது இறங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆனாலும் சனிக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவேன். ஒருமுறை இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டுக் கொண்டுவந்தேன். பிள்ளைகள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் போன படம் மணி அடித்தும் திரும்பி வரவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் வீணில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, ஹைடெக் லேப் வந்தது, 2018-இலிருந்து பாடப்புத்தகத்திலேயே கியூஆர் கோடு வந்தது. இதையெல்லாம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வருஷம் ஏழாம் வகுப்புக்கு நீர் மாசுபாடு பற்றி ப்ராஜெக்ட் எழுதி வரச் சொல்லியிருந்தேன். முப்பத்தைந்து நோட்டு வந்தது. முதல் நோட்டில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் ‘தொகு’ என்று ஒரு சொல். இரண்டாவது நோட்டிலும் தொகு. ஒரு பெண் அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் தமிழ் விக்கிப்பீடியா பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், இவர்கள் அதை வரி பிசகாமல் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. தாமிரபரணியில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். படித்துறையில் மிதக்கும் பழைய துணியும், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. முப்பத்தைந்து நோட்டில் ஒன்றில்கூட ஆறு இல்லை.

மறுநாள் லேபில் அந்தப் பக்கத்தைத் திறந்து ‘தொகு’ என்றால் என்ன என்று காட்டினேன். அதை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேர்க்கலாம் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. “நாமளும் எழுதலாமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். எழுதலாம், ஆனால் பார்த்ததை, சரிபார்த்ததை மட்டும்தான் எழுதணும் என்றேன். அந்தக் கேள்விக்குப் பிறகு ஜெராக்ஸ் ப்ராஜெக்ட் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

இன்னொரு நாள் பயிர்ப் பருவம் பற்றி ஒரு வீடியோ போட்டேன். நல்ல வீடியோதான், படம் தெளிவு, குரலும் தெளிவு. குறுவை, சம்பா, தாளடி என்று சொல்லிக்கொண்டே போனது. நடுவில் ஒரு பையன் எழுந்து, “எங்க ஊர்ல ஏது டீச்சர் குறுவை? காரும் பிசானமும்தானே. அப்பா சொல்லுவாவ” என்றான். அந்த வீடியோ காவிரிக்கரைக்காரர் எடுத்தது. நம் பக்கம் ஜூன் வாக்கில் பாபநாசம் அணை திறந்தால் கார், ஐப்பசி மழைக்கு அப்புறம் பிசானம். வீடியோவை நிறுத்தினேன். மிச்சப் பாடத்தை அந்தப் பையனும் இன்னும் நான்கு விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் நடத்தினார்கள். வீடியோவில் தப்பில்லை. அது வேறொரு மண்ணுக்கு எடுத்தது. இணையத்தில் வருவது எந்த ஊரிலிருந்து பேசுகிறது என்று முதலில் பார்க்கணும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தும் ஒரு தடவை கோட்டை விட்டேன்.

2023 ஆகஸ்ட். அறிவியல் ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது: ஆகஸ்ட் 18 நிழலில்லா நாள், நண்பகலில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் விழாது, மாணவர்களுக்குக் காட்டுங்கள். எந்த ஊருக்கு என்று போட்டிருக்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பைத் தயார் செய்துவிட்டேன்.

கொத்தனார் மகன் ஒருவன் அப்பாவின் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் கொண்டுவந்தான். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துச் சிமெண்ட் தரையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மட்டமான இடமாகப் பார்த்து வெள்ளைச் சார்ட் ஒட்டினோம். அதன்மேல் குழாயை நிறுத்தி, நூல் குண்டு பிடித்து நேராக்கினோம். பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் பென்சில் புள்ளி. அந்த ஆகஸ்டில் மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது.

நிழல் குறைந்துகொண்டே வந்தது. 12:24-க்கு ஆகக் குறைந்தது. அப்புறம் மறுபடி நீள ஆரம்பித்துவிட்டது.

“டீச்சர், நிழல் போவலையே.”

“நெட்ல போட்டது பொய்யா டீச்சர்?”

அந்த வெயிலில் நின்றுகொண்டு போனில் தேடினேன். ஊர்ப் பெயர் கொடுத்தால் தேதி சொல்லும் பக்கம் ஒன்று கிடைத்தது. சென்னைக்கு ஆகஸ்ட் 18. நமக்கு ஆகஸ்ட் 31. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஊரின் அட்சரேகையைப் பொறுத்து மாறும். “பொய் இல்லலே, அது மெட்ராஸுக்கு உள்ள தேதி. நான்தான் பாக்காம விட்டுட்டேன்” என்றேன். முகம் எல்லாம் வாடிவிட்டது. அதற்குள் சத்துணவுக்கு மணி அடித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து சார்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று குழு அளந்திருந்தது: 7, 7.5, 8 சென்டிமீட்டர். மூன்றும் வேறு வேறாக இருந்ததற்கு அவர்கள் கவனக்குறைவு காரணமில்லை. சூரியன் வானத்தில் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலம் உள்ள வட்டம். அதனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு மங்கலாக இருக்கும். எங்கே புள்ளி வைப்பது என்று அவர்கள் சண்டை போட்டது நியாயம்தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. இதே நாளில் சென்னையில் நிழல் இல்லை, இங்கே இருக்கிறது. சுமார் 2,200 வருஷத்துக்கு முன்னால் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இதை வைத்துத்தானே பூமியை அளந்தார்! சையீன் ஊரில் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல், அதே நாளில் அலெக்சாண்டிரியாவில் நிழல். தோற்றுப்போன சோதனை என்று பிள்ளைகள் நினைத்ததுதான் அந்தச் சோதனை.

மதியம் எல்லோரையும் லேபுக்குக் கூட்டிப் போனேன். கணக்கு இவ்வளவுதான்: குழாயின் உயரத்தில் நிழல் எத்தனையில் ஒரு பங்கோ, பூமியின் ஆரத்தில் நமக்கும் சென்னைக்கும் உள்ள வடக்கு தெற்குத் தூரம் அத்தனையில் ஒரு பங்கு. முதலில் ஒருவன் ரோடு தூரத்தைப் போட்டான், 600 கிலோமீட்டருக்கு மேல். ரோடு வளைந்து வளைந்து போகும், சென்னையும் நமக்கு நேர் வடக்கில் இல்லை. அதனால் வரைபடத்தில் நம் பள்ளியிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்து, சென்னையின் அட்சரேகை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். 485 கிலோமீட்டர். கோடு போய் முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் பெங்களூர்!

அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், “அப்போ அங்கயும் இன்னைக்கு நிழல் கிடையாதா டீச்சர்?” என்றாள். தேடினோம். அங்கேயும் அதே ஆகஸ்ட் 18. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகப் பிடித்த விஷயம் அது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

7 சென்டிமீட்டர் குழுவுக்குப் பூமியின் ஆரம் 6,929 கிலோமீட்டர் வந்தது. 8-க்கு 6,063. நடுவில் உள்ள 7.5-க்கு 6,467. அதற்குப் பிறகுதான் உண்மையான அளவைத் தேட விட்டேன்: சராசரி 6,371. கரகோஷம் அடங்கவே நேரமாயிற்று. முதலிலேயே தேட விட்டிருந்தால் அந்த எண் அவர்களுக்கு ஒரு மார்க் கேள்வியாகத்தான் இருந்திருக்கும்.

மிச்சக் கேள்விகள் அடுத்த இரண்டு வாரமும் வந்துகொண்டே இருந்தன. நண்பகல் ஏன் பன்னிரண்டுக்கு வரவில்லை? நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உள்ளது, அம்பாசமுத்திரம் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிஷம், அதிலேயே இருபது நிமிஷம் போய்விட்டது. நிழல் ஏன் தெற்கே விழுந்தது? புத்தகப் படத்தில் எப்போதும் வடக்கேதான் இருந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்பது எனக்கே கைப்பட அளந்த பிறகுதான் மனசில் பதிந்தது. இடையில் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்குக் கூடுதல் பெருமை. அதன் விக்ரம் லேண்டர் இறங்கிய இடம் நிலவின் தெற்கே 69 டிகிரியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, “அங்க நிழலில்லா நாளே வராதுல்லா டீச்சர்?” என்று கேட்டான் கொத்தனார் மகன். வராது, அங்கே சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை.

31-ஆம் தேதி அதே சார்ட், அதே குழாய். இந்தத் தடவை தலைமையாசிரியரும் சத்துணவு அக்காவும்கூட வந்து நின்றார்கள். 12:21-க்கு நிழல் குழாயின் அடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. சத்தம் போடக் காத்திருந்த பிள்ளைகள் யாருமே சத்தம் போடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை மதியம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. பாதி கட்டிய வீட்டின் தரை, மேலிருந்து தொங்கும் நூல், நுனியில் தூக்குக்குண்டு. குண்டுக்கு நேர் கீழே வட்டமாக ஒரு நிழல், நூலுக்கு நிழலே இல்லை. கீழே எழுதியிருந்தான்: “டீச்சர், மணி 12:21. அப்பா கூட வேலைக்கு வந்தேன். ரசமட்டம் வச்சுத் தரையப் பாத்துட்டேன், மட்டமாத்தான் இருக்கு.”