நினைவில்லாதவரிடம் நன்றி சொல்லப் போனேன்

என் மகன் முப்பத்தொன்றாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,420 கிராம். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்ற கணக்கையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்குபேட்டருக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிரத் தந்தைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்த மூன்றாம் நாள் இரவில், பணியிலிருந்த செவிலியர் ஒருவர் என்னை உள்ளே அழைத்து, கைகளை நன்றாகக் கழுவச் சொல்லி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றவைத்து, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். பிறகு குழந்தையைத் தவளையைப் போலக் கைகால் மடங்கிய நிலையில் என் வெற்று மார்பின் மேல் கிடத்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு அடைபடவில்லையே என்று குனிந்து பார்த்துவிட்டு, துணியைச் சுற்றிக் கட்டினார். "மூச்சை அடக்கிக்கொண்டு உட்காராதீர்கள் சார், நீங்கள் சாதாரணமாக விடுங்கள், அவனும் விடுவான்" என்றார்.

அதற்குக் கங்காரு முறை என்று பெயர் என்பதும், 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாத நிலையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது என்பதும் வெகுநாள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. அன்றிரவு எனக்குத் தெரிந்ததெல்லாம், தீக்குச்சி பருமனே இருந்த அவன் விரல்கள் என் மார்பு முடியைப் பற்றியிருந்தன என்பதுதான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கதையைக் கேட்டுக்கேட்டே வளர்ந்த மகன், "அவரை ஒருமுறை பார்க்கலாமே அப்பா" என்றான். பத்திரமாக வைத்திருந்த காகிதங்களை எல்லாம் புரட்டினேன். மருத்துவர்களின் பெயர்கள் இருந்தன. இரவெல்லாம் விழித்திருந்தவரின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. அங்கே முன்பு வேலை பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேரை விசாரித்து எண்ணைப் பெற்ற பிறகும், இரண்டு வாரங்கள் அழைக்காமலேயே இருந்தேன். இத்தனை காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகவும், அவர் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணிக்கிறார்கள் என்று அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் எழுதியிருக்கிறார்கள். என் கணக்கும் அப்படித்தான் பிசகியிருந்தது.

ஆனால் மகனோடு நேரில் போய்ப் பார்த்தபோது, அவருக்கு எங்களை நினைவில்லை. பொய்யாகத் தலையாட்டவும் அவர் முயலவில்லை. இத்தனை ஆண்டுகள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த காட்சியில் இது இடம்பெறவில்லை என்பதால் எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. எத்தனை வாரம், எவ்வளவு எடை என்று கேட்டார். சொன்னதும், "ஆயிரத்து நானூறா? எங்கள் கணக்கில் அது பெரிய குழந்தை சார்" என்று சிரித்தார். பிறகு மகனின் வலக்கையை இழுத்துப் புறங்கையில் கட்டைவிரலால் தடவித் தேடி, ஊசி ஏற்றிய இடத்தில் கடுகளவு வெளுத்திருந்த தழும்பைக் கண்டுபிடித்தார். அவ்வளவு காலம் அதை நான் கவனித்ததே இல்லை.

விடைபெறும்போது, "நல்லபடியாக வீட்டுக்குப் போன குழந்தைகளின் முகம் எனக்குத் தங்குவதில்லை. போகாமல் போனவர்களின் முகம்தான் தங்கிவிட்டது" என்றார். அதன் பிறகு அவர் எங்களை மறந்திருந்தது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

* * *

மேலே உள்ளதைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. முதல் வேலையில் சேர்ந்த புதிதில் பேரேட்டில் நான் செய்த பெரிய பிழையை, மேலாளரின் கண்ணில் படுவதற்கு முன்பே கண்டுபிடித்து, அலுவலகம் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் உடன் உட்கார்ந்து திருத்தக் கற்றுக்கொடுத்தார் மூத்த ஊழியர் ஒருவர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிப் போய் அதைச் சொன்னபோது, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுத்தார். மாறாக, தம் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் தம்முடைய மேசை வேலையையும் நானே முடித்துவைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லை என்றும், அதற்காக என்னைத் தேடிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். எனக்கோ அப்படி ஒரு நாள் இருந்ததாகவே நினைவில்லை. ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள் அண்ணா என்றேன். நீதான் மாற்றிச் சொல்கிறாய் என்றார். விளக்குப் போடக்கூட எழுந்திருக்காமல் இருட்டும்வரை வாதாடிக்கொண்டிருந்தோம்.