பாறை ஓவியம்னு நம்பி ஏமாந்தவங்க உண்டா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லப்பாடியில் பழைய பாறை ஓவியத்து வெள்ளைக் குதிரை வீரர்களைப் பார்த்துவிட்டு, அந்த ஜோரிலேயே வேறொரு குன்றில் ஏறினோம். ஒரு குடைவுக்குள் வெள்ளையில் குதிரை, மேலே ஆள், கையில் ஈட்டி. கூட வந்த நண்பருக்குக் கை நடுங்கிவிட்டது. "யாரும் பதிவு செய்யாத இடம்டா" என்று படம் எடுத்துத் தள்ளினார்.

நான் மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போனேன். குதிரை வயிற்றில் ஒரு முடி ஒட்டியிருந்தது. பெயின்ட் பிரஷ் முடி! அப்புறம்தான் மற்றதும் கண்ணில் பட்டது: கல்பாசிக்கு மேலேயே கோடு ஓடியிருக்கிறது. பழசென்றால் பாசியல்லவா கோட்டின் மேல் ஏறியிருக்கும்? கீழே ஆடு மேய்த்த பெரியவரிடம் கேட்டோம். "அதுவா, சினிமாக்காரங்க போட்டது தம்பி. ரெண்டு நாளு நமக்கும் சோறு போட்டாங்க."

* * *

அண்ணே, உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெளிஞ்சிடுச்சு. ஸ்பெயினில் பாஸ்க் பகுதி சுபியால்தே குகை ஓவியங்களை 1991-ல் பெரிய கண்டுபிடிப்புன்னு கொண்டாடினாங்க. அப்புறம் பார்த்தா, வண்ணத்துக்குள்ள பாத்திரம் தேய்க்கிற செயற்கை நாரோட இழை!

என் பங்குக்கு ஒண்ணு: என்னைக் கூட்டிப்போனவர் ஓவியம் பளிச்னு தெரியணும்னு பாட்டில் தண்ணியை ஊத்தினார். நிஜ ஓவியத்தில் அதைச் செய்யாதீங்க. ஈரம் காயும்போது உப்பு பூத்து, மேலும் மங்கிப்போகும். அன்னைக்கு நல்லவேளை, அது எனாமல். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிச்சு.

* * *

நான் எதிர்க்கட்சி. எட்டாவது படிக்கும்போது மூணு பேர் சேர்ந்து எங்க ஊர்ப் பாறை இடுக்கில் ஒரு மான் வரைஞ்சோம். கோலத்துக்கு ஓரம் கட்டுற காவி, கொஞ்சம் வேப்பம்பிசின். விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில இருக்கிற பழைய பாறை ஓவியத்துச் சிவப்பும் காவிதானே, அதனால நிறத்தை மட்டும் வெச்சு யாரும் பிடிக்க முடியாது. மழை படாத இடம், அப்படியே நின்னுடுச்சு.

போன மாசம் அந்த மான் எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது, "மூவாயிரம் வருடப் பழமை"ன்னு. வாலை ரொம்பக் கீழே இழுத்துட்டதால அதுக்கு அஞ்சு கால் மாதிரி இருக்கும். அதுக்கும் மாமா ஒருத்தர் விளக்கம் போட்டிருக்கார்: "ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் உத்தி."

நான் ஒரு கும்பிடு மட்டும் போட்டுட்டு வந்துட்டேன்.