எச்செவேரியா பெர்லே வான் நியூரன்பெர்க்: நிறம் போய்ப் பச்சையாகிறது, தண்டும் நீள்கிறது

வைகைக்கரை:
வணக்கம். மதுரை, கிழக்குப் பார்த்த பால்கனி. இந்தச் சதைப்பற்றுச் செடி வாங்கியபோது இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, இலையடுக்கு இறுக்கமாக இருந்தது. இப்போது சாம்பல் பச்சை. இலைகளுக்கு நடுவே தண்டு தெரிகிறது. கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, முழுக்க கோகோபீட் (தென்னை நார்த்தூள்). ஒருநாள் விட்டு ஒருநாள் அரை டம்ளர் தண்ணீர். நேர் வெயில் காலையில் ஒரு மணி நேரம்தான். உரம் வைத்தால் நிறம் திரும்புமா?

கள்ளிக்காடு:
உரம் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் இன்னும் பச்சையாகும். அந்த ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி. கடும் வெளிச்சத்திலிருந்து தன்னைக் காக்க இலை உண்டாக்கிக்கொள்வது. வெளிச்சம் போதாதபோது இலைக்கு அந்த நிறமி தேவையில்லை. வெளிச்சம் தேடித் தண்டும் நீளும். காலை வெயில் 4 முதல் 5 மணி நேரமாவது வேண்டும். ஆனால் ஒரேயடியாக வெயிலுக்கு மாற்றாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கூட்டுங்கள். வெந்து பழுப்பான தழும்பு அந்த இலை உதிரும்வரை போகாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல் வலை கட்டாயம்.

இன்னொன்று: எச்செவேரியாக்கள் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதிச் செடிகள். நல்ல நிறத்துக்குக் குளிர்ந்த இரவும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் எளிதாக வரும் நிறம் மதுரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நன்றாக வரும். கோடையில் வெளிறினால் அதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

மாடித்தோட்டம்_திருச்சி:
நிறம் பிறகு. மஞ்சளாகிக் கண்ணாடி போல ஆகும் கீழ் இலை என்றால் வேரில் பிரச்சினை. இன்றே தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிடுங்கள். தண்டின் அடியும் மெத்தென்றிருந்தால் அழுகல் மேலே ஏறுகிறது.

தனி கோகோபீட் இந்தச் செடிக்கு ஆகாது. உள்ளே ஈரம் பிடித்து வைக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக ஓடவிடும். ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு சலித்த மண்புழு உரம், மூன்று பங்கு பெர்லைட் அல்லது ப்யூமிஸ் (இரண்டும் நீர் தேங்கவிடாத லேசான எரிமலைக் கல் குருணை). செலவு குறைய, 3 முதல் 6 மி.மீ. செங்கல் குருணை போடலாம். தூளைச் சலித்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் தூள் அடியில் படிந்து துளையை அடைக்கும். கடல் மணல் வேண்டாம், உப்பு.

தண்ணீர் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். பிறகு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்தால் ஈரம் ஒட்டாமல் வரும்வரை ஊற்றாதீர்கள். இலை சுருங்கியிருக்கிறது, மண்ணோ ஈரம் என்றால் அது தாகமில்லை, வேர் அழுகல். அப்போது ஊற்றினால் செடி போய்விடும். வடகிழக்குப் பருவமழையில் கூரைக்கு அடியில் வையுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. வேரில் பாதி கறுப்பு. தண்டின் அடியை வெட்டினால் நடுவில் பழுப்பு வளையம். நீண்ட தண்டு தானாகச் சுருங்குமா?

சதைச்செடி_அக்கா:
சுருங்காதுங்க. தலையை, அதாவது உச்சியிலுள்ள இலையடுக்கை, வெட்டித்தான் ஆக வேண்டும், அழுகலுக்கும் அதுவே வழி. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, அடியிலிருந்து சிறிது சிறிதாக மேலே வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டு முகம் முழுக்க வெளிர்பச்சையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். தலைக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. தண்டு மிஞ்சினால் நல்லது; போதாவிட்டால் கீழ் வரிசை இலைகளைப் பக்கவாட்டில் அசைத்து, அடி முழுதாக வரும்படி கழற்றுங்கள். அவற்றை மண்மேல் கிடத்தினால் சிலவற்றில் குட்டி முளைக்கும். மஞ்சளான இலைகளில் வராது.

தலையை நிழலில் 4 முதல் 7 நாள் காயவிடுங்கள். வெட்டு முகம் வறண்டு தோல் கட்டியபின் உலர்ந்த கலவையில் வைத்து, வேர் தென்பட்டபின் தண்ணீர். பெரும்பாலும் 2 முதல் 4 வாரம். வேர் பிடிக்கும்வரை வெயில் வேண்டாம்.

தொட்டி 4 அங்குல மண் தொட்டி போதும், ஈரம் சீக்கிரம் காயும். இலைமேல் இருக்கும் வெண்பொடியைத் தொடாதீர்கள். அது வெயிலுக்கு மறைப்பு, அழிந்த இடத்தில் திரும்ப வராது. அதனால்தான் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்ல மாட்டேன், பொடியைக் கரைத்துவிடும். பஞ்சுக் குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, சாயங்காலம், பூச்சிமேல் மட்டும் வையுங்கள். தொட்டியில் எறும்பு ஏறினால் வேரிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள்.

கள்ளிக்காடு:
அக்கா சொன்னதோடு ஒன்று: இது கலப்பினம், விதை போட்டால் இதே செடி வராது. "பல வண்ண விதை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெட்டிய தலையும் அந்த இலைகளும்தான் உங்களுக்கு விதை.