அப்பாவுக்கு கிண்டில் சரிப்படுமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவுக்கு 71 வயது. பொடி எழுத்து தெரிவதில்லை, செல்போன் வெளிச்சமோ கண்ணைக் கூசுகிறதாம். கிண்டில் என்கிற மின்நூல் படிக்கும் கருவி வாங்கலாமா என்று பார்க்கிறேன். அதன் இ-இங்க் திரை காகிதம் மாதிரி இருக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும். அதெல்லாம் சரி.

ஆனால் அவர் படிப்பது பெரும்பாலும் பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப், அதாவது பக்கத்தைப் படம் பிடித்து வைத்த கோப்பு. அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். 6 அங்குலத் திரையில் அது பெரிய ரோதனை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் யூனிகோடு நூல்கள் தட்டச்சு செய்த எழுத்தாகவே இருப்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 10 அங்குலம் வாங்கலாமென்றால் விலை மலைக்க வைக்கிறது, படுத்துக்கொண்டே படிக்கிற மனுஷனுக்குக் கையும் வலிக்கும். (புத்தக வாசனை இல்லையே என்று வேறு முனகுவார்.)

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் பக்கம் யாரிடமாவது பெரிய திரை ரீடர் இருக்கிறதா? அப்பாவைக் கூட்டி வந்து ஒரு பத்து நிமிடம் படிக்கவைத்துப் பார்க்க வேண்டும்.