எக்செலில் பாதித் தேதிகள் இடது பக்கம் ஒட்டுகின்றன, ராத்திரி ஷிப்டுக்கு #### வருகிறது: உதவுங்கள்

பாடாங் செராய் கிராணி

வணக்கம் எல்லாருக்கும். பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக (கணக்கு எழுதுபவராக) இருக்கிறேன். பெரட்டு, அதாவது ஆள் வருகைக் கணக்கு, எடுக்கும் இடத்தில் கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் அதிலிருந்து சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, எக்செலில் திறந்து மணிக்கணக்குப் போடுவோம். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் வந்த நேரம், சி-யில் போன நேரம். இப்போது ஆபீசுக்குப் புதுக் கணினி வந்திருக்கிறது. அதில் 2025 மே மாதக் கோப்பைத் திறந்ததிலிருந்து தொல்லை.

13 முதல் 31 வரை உள்ள தேதிகள் கட்டத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கின்றன, எந்த ஃபார்முலாவுக்கும் அசைவதில்லை. ஜாகாக்கள் (காவலாளிகள்) ராத்திரி 10 மணிக்கு வந்து விடிகாலை 6 மணிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நேரத்தைக் கழித்தால் கட்டம் முழுக்க ####. அப்புறம், டிராக்டர் ஓட்டும் ஒருவருக்கு மாத மொத்தம் 195 மணி 30 நிமிடம் வரவேண்டும், கையால் கூட்டிப் பார்த்துவிட்டேன். எக்செல் 3:30 என்கிறது.

மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி போய்ச் சேரவேண்டும் என்பது சட்டம். இடது பக்கம் நிற்கும் தேதிகளை மட்டும் திரும்ப அடித்துவிட்டால் போதுமா?

கூலிம் கணக்காளர்

தங்கச்சி, ஒன்றையும் திரும்ப அடிக்க வேண்டாம். அந்த 13 முதல் 31 வரை உள்ளவை தொல்லை கொடுப்பதால்தான் உங்கள் கண்ணில் பட்டன. ஒழுங்காக வலது பக்கம் நிற்கிற 1 முதல் 12 வரை உள்ள தேதிகள்தான் ஆபத்து.

காரணம் இதுதான். புதுக் கணினி அமெரிக்க வழக்கத்தில், அதாவது மாதம் முதலில், நாள் அடுத்து என்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் மெஷின் 01/05/2025 என்று எழுதியதை எக்செல் ஜனவரி 5 என்று எடுத்துக்கொண்டது. திரையில் காட்டும்போதும் அதே அமெரிக்க முறையில் 1/5/2025 என்று காட்டுவதால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. 13/05/2025 வந்தபோது பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. மே மாதத்தில் நல்லபடியாகத் தப்பித்தது 5ஆம் தேதி ஒன்றுதான், நாளும் மாதமும் ஒரே எண் என்பதால்.

சந்தேகம் இருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் =மின்(ஏ:ஏ) என்றும் (மிக முந்திய தேதி) இன்னொன்றில் =மேக்ஸ்(ஏ:ஏ) என்றும் (மிகப் பிந்திய தேதி) போட்டு, மாதப் பெயரோடு காட்டும் தேதி ஃபார்மட் கொடுங்கள். மே 1, மே 31 வரவேண்டிய இடத்தில் ஜனவரி 5, டிசம்பர் 5 வரும். (கைப்பேசியில் தமிழில் அடிக்கிறேன். ஃபங்ஷன் பெயர், கட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மே 1 தொழிலாளர் தினம். அன்று வேலைக்கு வந்த நாள்கூலிக்காரருக்கு விடுமுறைக் கூலி போக இன்னும் இரண்டு நாள் கூலி சேர வேண்டும். எக்செல் அந்த நாளை ஜனவரி 5 என்று வைத்திருந்தால் விடுமுறை ஃபார்முலா அதைத் தொடவே தொடாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஒரு தொழிலாளியின் காசு அப்படியே போய்விடும்.

திருத்தும் வழி: விண்டோஸ் அமைப்பில் நேரமும் மொழியும் உள்ள பகுதிக்குப் போய், வட்டார ஃபார்மட்டை ஆங்கிலம் மலேசியா என்று மாற்றுங்கள். எக்செலை மூடுங்கள். இப்போது கையில் இருக்கும் கோப்பைத் திறந்து சேமித்திருந்தால் அதை நம்பவே வேண்டாம், மெஷினிலிருந்து புதிதாக எடுத்துத் திறங்கள். இன்னும் பத்திரமான வழி, கோப்பை இருமுறை தட்டித் திறக்காமல் டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி வழியாக உள்ளே கொண்டுவந்து, அங்கே திறக்கும் பவர் குவெரியில் தேதி நெடுவரிசைக்கு யூசிங் லொகேல் (எந்த நாட்டு வழக்கம்) என்பதைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலம் மலேசியா கொடுப்பது. அப்படிச் செய்தால் கோப்பு எந்தக் கணினிக்குப் போனாலும் தேதி புரளாது.

மெஷினில் பழைய பதிவு அழிந்துவிட்டிருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்:

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2),டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மந்த்(ஏ2)),டேட்(மிட்(ஏ2,7,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2)))

எண்ணாக மாறிப்போனதில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறது, எழுத்தாக நின்றதைப் பிரித்துச் சேர்க்கிறது. நெடுவரிசை முழுக்க ஒரே மாதிரி புரண்டிருந்தால்தான் இது சரி. நடுவில் சிலதை யாராவது கையால் திருத்தியிருந்தால் நல்லதையும் கெடுத்துவிடும்.

பாடாங் செராய் கிராணி

அண்ணே, மின் போட்டதும் ஜனவரி 5 தான் வந்தது! மெஷினில் பதிவு பத்திரமாக இருக்கிறது. ஃபார்மட்டை மாற்றிவிட்டுப் புதிதாக எடுத்துத் திறந்தேன், 31 நாளும் சரியாக நிற்கின்றன. ஆனால் ஜாகா கணக்கில் #### அப்படியே இருக்கிறது, 3:30-உம் அப்படியே.

பீடோங் ஆலைக் கணக்கு

அந்த இரண்டுக்கும் நான் சொல்கிறேன், தங்கச்சி. எங்கள் ஆலையில் ராத்திரி ஷிப்ட் மாதம் முழுக்க உண்டு.

எக்செலுக்குள் ஒரு நாள் என்பது 1. 2025 மே 1 என்று நீங்கள் பார்ப்பது உள்ளே 45778 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்தது. மணி என்பது அந்த ஒன்றின் பின்னம்: காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5. எந்தத் தேதிக் கட்டத்தையும் ஜெனரல் ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள், அந்த எண் வெளியே வரும். எனக்கு இது புரிந்த பிறகுதான் எக்செல் மேல் இருந்த கோபமே போனது.

ஜாகாவுக்கு வருவோம். 6 மணியிலிருந்து 22 மணியைக் கழித்தால் கழித்தல் குறியுள்ள எண். அதை மணியாகக் காட்ட எக்செலுக்கு வழியில்லை, அதனால் ####. கட்டத்தை எவ்வளவு அகலமாக்கினாலும் போகாது. டி நெடுவரிசையில் =மோட்(சி2-பி2,1) என்று போடுங்கள், 8:00 வரும். பகல் வேலைக்கும் இதே ஃபார்முலா பொருந்தும், தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: போகும்போது விரல் வைக்க மறந்து கட்டம் காலியாக இருந்தால் எக்செல் அதை நள்ளிரவு 12 மணி என்று எடுத்து ஒரு பொய்க் கணக்குக் கொடுக்கும். காலிக் கட்டங்களை முதலில் வடிகட்டிப் பார்த்து, மண்டோரிடம் (வேலையாட்களை மேற்பார்ப்பவரிடம்) கேட்டு நிரப்புங்கள்.

195 மணி 30 நிமிடம் என்றால் எட்டு முழு நாளும் 3 மணி 30 நிமிடமும். சாதாரண மணி ஃபார்மட் முழு நாட்களை மறைத்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. ஃபார்மட் செல்ஸில் கஸ்டம் போய், எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்து, முக்காற்புள்ளி போட்டு, இரண்டு எம் அடியுங்கள். 195:30 வந்துவிடும்.

காசாக்கும்போது இன்னொரு இடம் இருக்கிறது. எட்டரை மணி நேரத்தை மணிக்கு 10 ரிங்கிட்டால் அப்படியே பெருக்கினால் 3.54 வரும், உள்ளே இருப்பது நாளின் பின்னம் என்பதால். முதலில் 24-ஆல் பெருக்கி, அப்புறம் கூலியால் பெருக்குங்கள். 85 ரிங்கிட் வரும், அந்தக் கட்டத்துக்கு எண் ஃபார்மட் கொடுங்கள். ஓவர்டைம் 8 மணியைத் தாண்டியதா என்று ஒப்பிடும் இடத்தில் நிமிடமாக்கி முழு எண்ணாக்கிக்கொள்வது நல்லது: =ரவுண்ட்(டி2*1440,0). பின்னங்களின் கடைசி இலக்கம் சில சமயம் ஒரு துளி கூடவோ குறையவோ நிற்கும். சரியாக 8 மணி வேலை செய்தவர் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அந்தத் துளி தீர்மானிக்க விடக்கூடாது.

பாடாங் செராய் கிராணி

அக்கா, 8:00, 195:30 இரண்டும் வந்துவிட்டன, ரொம்ப நன்றி. இன்னொன்று. தூரத்துக் களத்தில் மெஷின் இல்லை. மண்டோர் கொடுக்கும் புத்தகத்தில் 7.30, 16.45 என்று புள்ளி வைத்துத்தான் எழுதியிருக்கிறார். போன வருடத்திலிருந்தே அப்படியே அடித்து வைத்த ஷீட் இருக்கிறது. மணி ஃபார்மட் கொடுத்தால் 7.30 என்பது 7:12 ஆகிறது.

பீடோங் ஆலைக் கணக்கு

அது ஏழு நாளும் 0.3 நாளும் என்று எடுத்துக்கொள்கிறது. 0.3 நாள் என்பது 7 மணி 12 நிமிடம். பெரிய ஷீட் என்றால் பக்கத்து நெடுவரிசையில் =டைம்(இன்ட்(பி2),ரவுண்ட்(மோட்(பி2,1)*100,0),0) போட்டு இழுத்துவிடுங்கள். 7.30 என்று இருந்ததற்கு 7:30 வருகிறதா என்று முதல் சில வரிகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்டோரிடம் புள்ளியை மாற்றச் சொல்ல வேண்டாம், அவர் எழுதும் முறை அவருக்குப் பழகியது. இனி நீங்கள் உள்ளே அடிக்கும்போது முக்காற்புள்ளி வையுங்கள்.

கூலிம் கணக்காளர்

ஒன்று சேர்க்கிறேன். மாதத்தில் எத்தனை வேலை நாள் என்று நெட்வொர்க்டேஸ் ஃபங்ஷனில் எடுப்பவர்கள் நம் கெடாவில் கவனமாக இருக்க வேண்டும். அது சனி, ஞாயிறுதான் ஓய்வு என்று நினைத்துக்கொள்ளும், இங்கே வார ஓய்வு வெள்ளி, சனி. மே 2025-க்கு அது 22 என்று சொல்லும். நெட்வொர்க்டேஸ் புள்ளி ஐ-என்-டி-எல் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் மூன்றாவது இடத்தில் 7 கொடுத்தால் வெள்ளி, சனி ஓய்வு, 21 வரும். 16 கொடுத்தால் வெள்ளி மட்டும், 26 வரும். நான்காவது இடத்தில் விடுமுறைப் பட்டியலைக் காட்டுங்கள். மே 1-உம் விசாக தினமான மே 12-உம் அதில் இருந்தால் 26 என்பது 24 ஆகும். பட்டியலில் உள்ள தேதிகளும் நிஜத் தேதிகளாக இருக்க வேண்டும், எழுத்தாக இருந்தால் பயனில்லை.

லூனாஸ் பள்ளி அலுவலகம்

இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கத்திலிருந்து பிறந்த தேதி எடுக்க முயல்கிறேன். ஆண்டு, மாதம், நாள் வரிசையில்தானே இருக்கிறது? பெற்றோருக்குச் சரியாக வருகிறது, பிள்ளைகள் எல்லாரும் 1900களில் பிறந்ததாக வருகிறது. சிலருக்கு ஒன்றுமே பொருந்தவில்லை.

பீடோங் ஆலைக் கணக்கு

ஆமாம், வரிசை அதுதான். டேட் ஃபங்ஷனுக்கு 15 என்று இரண்டு இலக்க ஆண்டு கொடுத்தால் அது 1900-உடன் கூட்டி 1915 ஆக்கிவிடும். 85 என்றால் 1985, அதனால்தான் பெற்றோருக்குச் சரியாக வந்தது. மாணவர் பட்டியல் மட்டும் என்றால் நேரே 2000 கூட்டிவிடுங்கள்:

=டேட்(2000+லெஃப்ட்(ஏ2,2),மிட்(ஏ2,3,2),மிட்(ஏ2,5,2))

பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே பட்டியலில் இருந்தால் எந்த எண்ணுக்கு மேல் 1900 என்று ஒரு எல்லை வைத்து இஃப் எழுத வேண்டும்.

ஒன்றுமே பொருந்தாதவர்கள் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களா என்று பாருங்கள். அவர்கள் எண் 0-வில் தொடங்கும், எக்செல் அதை எண்ணாக எடுத்து முன்னால் உள்ள 0-வை விழுங்கிவிடும். ஏ-க்குப் பதில் =டெக்ஸ்ட்(ஏ2,"000000000000") என்று பன்னிரண்டு சுழியம் போட்ட ஒரு நெடுவரிசை உண்டாக்கி, அதன் மேல் ஃபார்முலாவை ஓட்டுங்கள். 2000-இல் பிறந்தவருக்கு இரண்டு சுழியமும் போயிருக்கும், இதிலேயே அவையும் திரும்ப வந்துவிடும்.